ரெயில்ஸின் நெஸ்டட் ஆட்ரிபியூட்ஸ்: தாயையும் சேயையும் ஒரே படிவத்தில் சேமிக்கும் வசதி பற்றி ஒரு மதிப்புரை

ஓர் இன்வாய்ஸை நிரப்புபவருக்கு அது ஒரே தாள்தான். மேலே வாடிக்கையாளர் பெயரும் தேதியும், நடுவில் பொருள், அளவு, விலை என்று சில வரிகளும், அடியில் ஒரே ஒரு சேமிப்புப் பொத்தானும் இருக்கும். தரவுத்தளத்திலோ அது இரண்டு டேபிள்களாகப் பிரிந்து கிடக்கிறது. இன்வாய்ஸ் டேபிளில் ஒரு தாய்ப் பதிவு. அதன் ஐடியை ஃபாரின் கீயாக, அதாவது எந்தத் தாய்க்கு உரியது என்று காட்டும் குறியாக, தாங்கிய சேய்ப் பதிவுகள் இன்னொரு டேபிளில். தாய்ப் பதிவுக்கு ஐடி கிடைக்கும்வரை சேய்ப் பதிவுகளை எழுத முடியாது. தாயை எழுதிவிட்டு மூன்றாவது சேயில் தடுக்கி விழுந்தால், அரைகுறையான ஓர் இன்வாய்ஸ் தரவுத்தளத்தில் தங்கிவிடக் கூடாது. இந்த வேலையை நிரலாளரின் தலையிலிருந்து இறக்கி வைப்பதற்காக, ரூபி மொழியில் வலைச் செயலிகளை எழுத உதவும் சட்டகமான ரூபி ஆன் ரெயில்ஸ், 2009 மார்ச்சில் வந்த 2.3 பதிப்பில் சேர்த்துக்கொண்ட வசதிதான் நெஸ்டட் ஆட்ரிபியூட்ஸ். இன்வாய்ஸ், வினாத்தாள், பயணச் செலவுக் கணக்கு என்று பலவகைப் படிவங்களில் இதை வைத்து வேலை செய்திருக்கிறேன். அந்த அனுபவத்தைக் கொண்டு இதை எழுதுகிறேன்.

என் தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. சேர்த்துச் சேமிப்பது என்ற பாதி வேலையை இந்த வசதி மிக நேர்மையாகச் செய்கிறது. எந்த வரி எது என்று அடையாளம் காணும் மறுபாதியை, பிரௌசரிலிருந்து திரும்பி வரும் ஐடி ஒன்றையே நம்பி விட்டிருக்கிறது. அந்த ஐடியைச் சேதமில்லாமல் கொண்டுபோய்க் கொண்டுவருவது நம் பொறுப்பு என்பதை உணர்ந்தவர்களுக்கு இது அருமையான கருவி. உணராதவர்களுக்கு, பிழைச் செய்தி எதுவும் காட்டாமலேயே தரவைக் குழப்பிவிடக்கூடிய கருவி.

நிறுவுவதற்கு ஆகும் உழைப்பு மிகக் குறைவு. இன்வாய்ஸ் மாடலில் (அந்த டேபிளைக் குறிக்கும் ரூபி வகுப்பில்) 'அக்செப்ட்ஸ் நெஸ்டட் ஆட்ரிபியூட்ஸ் ஃபார்' என்று தொடங்கும் ஒரே ஒரு வரியை எழுதினால், சேய்களின் விவரங்களைத் தாயின் வழியாகவே கொடுக்கக்கூடிய ஒரு புதிய செட்டர் (மதிப்பை ஏற்கும் முறை) அந்த மாடலுக்குக் கிடைத்துவிடுகிறது. படிவத்தில் 'ஃபீல்ட்ஸ் ஃபார்' என்னும் ஹெல்ப்பரைப் பயன்படுத்தினால், ஒவ்வொரு சேய்க்கும் ஓர் எண்ணிட்ட தொகுதியாக உள்ளீட்டுப் பெட்டிகள் உருவாகின்றன. ஏற்கெனவே சேமிக்கப்பட்ட சேயாக இருந்தால் அதன் ஐடி ஒரு மறைவான பெட்டியில் தானாகவே சேர்ந்துகொள்கிறது. படிவம் திரும்பி வரும்போது விதி எளியது: ஐடி இல்லாத தொகுதி புதிய பதிவு, ஐடி உள்ள தொகுதி பழைய பதிவுக்கான திருத்தம், ஐடியுடன் டெஸ்ட்ராய் குறியும் வந்தால் அந்தப் பதிவு நீக்கப்பட வேண்டும்.

சேமிக்கும் தருணத்தில் நடப்பதைச் சற்று நிதானமாகப் பார்க்க வேண்டும், ஏனென்றால் இந்த வசதியின் உண்மையான மதிப்பு அங்கேதான் இருக்கிறது. அந்த ஒற்றை வரி, தாய்-சேய் உறவின் மீது, தாயோடு சேய்களையும் சேமிக்கும் ஆட்டோசேவ் என்னும் அமைப்பையும் சேர்த்தே இயக்கிவிடுகிறது. தாயின் சேமிப்பு அழைக்கப்பட்டதும் முதலில் தாயும் எல்லாச் சேய்களும் வேலிடேஷனுக்கு, அதாவது விவரங்கள் விதிகளுக்குப் பொருந்துகின்றனவா என்ற சோதனைக்கு, உட்படுகின்றன. ஒரு சேய் தவறினாலும் எதுவும் எழுதப்படுவதில்லை. எல்லாம் தேறினால், ஒரே டிரான்ஸாக்ஷனுக்குள் (முழுவதும் நடக்கும் அல்லது எதுவுமே நடக்காத ஒரு தொகுதிக்குள்) தாய் எழுதப்பட்டு, அதன் ஐடி சேய்களுக்கு வழங்கப்பட்டு, நீக்கக் குறியிட்டவை முதலில் அழிக்கப்பட்டு, மற்றவை ஒன்றன்பின் ஒன்றாக எழுதப்படுகின்றன. நடுவில் தரவுத்தளம் ஏதேனும் ஒரு விதியைக் காட்டி மறுத்தால், முழு டிரான்ஸாக்ஷனும் ரோல்பேக் ஆகி, அதாவது பின்வாங்கப்பட்டு, தாயும் இல்லாமல் போகிறது. இதற்காக நாம் எழுத வேண்டிய நிரல் ஒரு வரிகூட இல்லை. படிவம் பிழையோடு திரும்பும்போது பயனர் தட்டச்சு செய்த புதிய வரிகள் நினைவகத்தில் அப்படியே இருப்பதால், அவர் மீண்டும் எதையும் நிரப்ப வேண்டியதில்லை. எந்த வரியில் பிழை என்று சுட்டிக்காட்ட விரும்பினால், ரெயில்ஸ் 5.0 முதல் கிடைக்கும் 'இண்டெக்ஸ் எரர்ஸ்' அமைப்பை உறவில் இட்டால் போதும். பிழையின் பெயரிலேயே வரியின் எண் வந்துவிடும்.

பிற தளங்களோடு ஒப்பிட்டால் இதன் அருமை தெரியும். பைத்தான் மொழிக்கான ஜாங்கோ சட்டகத்தின் இன்லைன் ஃபார்ம்செட் திறமையானதுதான். ஆனால் ஜாங்கோ இயல்பாக ஒவ்வொரு தரவுத்தளக் கட்டளையையும் தனித்தனியே கமிட் செய்வதால் (நிலையாகப் பதிந்துவிடுவதால்), தாயும் சேயும் சேர்ந்தே நிற்க வேண்டும் அல்லது சேர்ந்தே விழ வேண்டும் என்றால், கோரிக்கையைக் கையாளும் நம் வியூவை நாமே 'அட்டாமிக்' தொகுதிக்குள் வைக்க வேண்டும். மேலும், மொத்தம் எத்தனை வரிகள் என்னும் எண்ணிக்கையை அது ஒரு மறைவான பெட்டியில் எதிர்பார்க்கிறது. ஜாவாஸ்கிரிப்ட்டில் புதிய வரி சேர்த்துவிட்டு அந்த எண்ணிக்கையை உயர்த்த மறந்தால், புதிய வரி கண்டுகொள்ளப்படாமலே போய்விடும். ஜாவாவின் ஹைபர்னேட்டில் காஸ்கேட் என்னும் அமைப்பை இட்டால் சேய்கள் தாயோடு சேர்ந்து எழுதப்படும். ஆனால் இருவழி உறவில் ஃபாரின் கீயை எழுதும் பொறுப்பு சேயின் பக்கத்தில் இருப்பதால், தாயின் பட்டியலில் மட்டும் சேர்த்துவிட்டுச் சேயிடம் அதன் தாயைச் சொல்லாமல் விட்டால், ஃபாரின் கீ காலியாகவே போய்ச் சேரும். ரெயில்ஸில் இந்த இரண்டு தொல்லைகளும் இல்லை. புதிய வரிகளுக்கான எண் தொடர்ச்சியாக இருக்க வேண்டும் என்ற கட்டாயம்கூட இல்லை, தனித்துவமாக இருந்தால் போதும். அதனால்தான் பலரும் அந்த நொடியின் நேரமுத்திரையையே எண்ணாக வைத்துவிடுகிறார்கள். இரண்டு புதிய வரிகளுக்கு ஒரே எண் விழுந்துவிட்டால் மட்டும் பின்னது முன்னதை மூடிவிடும் என்பதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

இனி, ஐடி பற்றிப் பேச வேண்டும். 2013-இல் வந்த ரெயில்ஸ் 4.0 முதல், படிவத்திலிருந்து வரும் எந்த விவரத்தையும் ஏற்பதற்கு முன் கோரிக்கையை வாங்கிக் கையாளும் கண்ட்ரோலரில் அதன் பெயரைச் சொல்லி அனுமதிக்க வேண்டும். நான் பணியாற்றிய ஒரு திட்டத்தில், இன்வாய்ஸ் வரிகளுக்கான அனுமதிப் பட்டியலில் பொருள், அளவு, விலை மூன்றையும் எழுதிவிட்டு ஐடியை எழுத மறந்துவிட்டேன். புதிய இன்வாய்ஸ் உருவாக்கும் சோதனைகள் எல்லாம் தேறின, ஏனென்றால் புதிய வரிக்கு ஐடியே கிடையாது. ஒருவர் மூன்று வரிகள் கொண்ட இன்வாய்ஸைத் திறந்து, வாடிக்கையாளரின் தொலைபேசி எண்ணை மட்டும் திருத்திச் சேமித்தார். மூன்று வரிகளின் ஐடிகளும் படிவத்திலிருந்து சரியாகக் கிளம்பி, கண்ட்ரோலரின் வாசலில் வடிகட்டப்பட்டன. ஐடி இல்லாத தொகுதி என்றால் புதிய பதிவு என்பதுதானே விதி; அதன்படி மூன்று புதிய வரிகள் உருவாகி, இன்வாய்ஸில் ஆறு வரிகள் ஆயின. அவர் தான்தான் ஏதோ இருமுறை அழுத்திவிட்டதாக நினைத்து, மீண்டும் திறந்து எதையோ சரிசெய்து சேமித்தபோது அது பன்னிரண்டு ஆயிற்று. எங்கும் பிழைச் செய்தி இல்லை. லாக் கோப்பில் மட்டும், அனுமதிக்கப்படாத விவரம் ஐடி என்று ஒரே ஒரு வரி இருந்தது, அதுவும் என் கணினியின் டெவலப்மெண்ட் லாகில்தான். தொகை இரட்டிப்பாகி நிற்கும் இன்வாய்ஸ்களை ஒவ்வொன்றாகத் தேடிப் பிடித்துத் திருத்திய அந்த நாட்களின் களைப்பு இன்னும் என் நினைவில் இருக்கிறது. தவறு என்னுடையதே என்றாலும், ஏற்கெனவே வரிகள் உள்ள ஒரு தாய்க்கு ஐடியே இல்லாத தொகுதிகள் மட்டும் வந்து சேரும்போது இந்த வசதி ஓர் எச்சரிக்கையாவது கொடுத்திருக்கலாம் என்ற ஆதங்கம் எனக்கு உண்டு.

அதே ஐடியைக் கையாளும் இன்னொரு விதத்தில் இது பாராட்டுக்குரிய கண்டிப்பைக் காட்டுகிறது. மறைவான பெட்டியில் உள்ள ஐடியை ஒருவர் வேண்டுமென்றே மாற்றி, இன்னொருவரின் இன்வாய்ஸுக்குரிய வரியின் ஐடியை அங்கே எழுதினால், ரெயில்ஸ் அந்த ஐடியை இந்தத் தாயின் சேய்களுக்குள் மட்டுமே தேடும். கிடைக்காவிட்டால் 'ரெக்கார்ட் நாட் ஃபவுண்ட்' என்று நிறுத்திவிடும். பிறர் வீட்டுப் பிள்ளையை உரிமை கொண்டாட முடியாது. கையால் எழுதிய நிரலில், ஐடியை வைத்து நேரடியாக டேபிளில் தேடி, திருத்திவிடும் ஓட்டையை எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். அந்த ஓட்டை இங்கே பிறப்பிலேயே அடைக்கப்பட்டிருக்கிறது.

ஆனால் அந்தக் கண்டிப்புக்கு ஒரு விலையும் இருக்கிறது. ஒரே இன்வாய்ஸை இருவர் இரண்டு பிரௌசர்களில் திறந்து வைத்திருக்கிறார்கள் என்று கொள்வோம். முதலாமவர் இரண்டாவது வரியை நீக்கிச் சேமிக்கிறார். இரண்டாமவரின் படிவத்தில் அந்த வரியின் ஐடி இன்னும் இருக்கிறது. அவர் பத்து நிமிடம் உழைத்துப் பிற வரிகளைத் திருத்திச் சேமித்ததும், இல்லாத ஐடி என்பதால் மேற்சொன்ன அதே எக்செப்ஷன் (நிரலை நிறுத்தும் பிழை) எழுகிறது. அதை நாம் பிடித்துக் கையாளாவிட்டால், அவர் கண்ணுக்குத் தெரிவது 404 பக்கம். பத்து நிமிட உழைப்பும் போய்விடுகிறது. தாய் டேபிளில், ஒவ்வொரு திருத்தத்திலும் உயரும் எண்ணைத் தாங்கும் 'லாக் வெர்ஷன்' நெடுவரிசையை வைத்தால் இந்த மோதல் முன்கூட்டியே பிடிபடும் என்று பலர் நம்புகிறார்கள். சேய்கள் மட்டும் மாறும்போது தாயின் பதிவில் எழுதுவதற்கு எதுவும் இல்லாததால், தாயைத் தொடும்படி நாம் தனியாகச் சொல்லாதவரை அந்த எண் உயராது என்பதால், அந்த நம்பிக்கை பல நேரங்களில் பொய்த்துப் போகிறது. சேய்களை முழுக்கத் தாயின் அங்கமாகக் கருதும் ஒரு வசதி, சேய் மாறினால் தாயும் மாறியதாகக் கருதியிருக்க வேண்டும்; இதை நான் ஒரு மெய்யான குறையாகவே எண்ணுகிறேன்.

நீக்குவதில் இயல்பு நிலை எச்சரிக்கையானது. 'அலவ் டெஸ்ட்ராய்' அமைப்பை வெளிப்படையாக இயக்காவிட்டால், நீக்கக் குறி வந்தாலும் புறக்கணிக்கப்படும். கண்ட்ரோலரின் அனுமதிப் பட்டியலில் அந்தக் குறியை விட்டுவிட்டாலும் அதே கதிதான். படிவத்தில் ஒரு வரி இல்லாமல் வந்தால் அதை நீக்கச் சொன்னதாக ரெயில்ஸ் எடுத்துக்கொள்வதில்லை. சொல்லாத வரியைத் தொடாமல் விட்டுவிடுகிறது. இந்த அணுகுமுறை சரியானது என்பது என் உறுதியான கருத்து, ஏனென்றால் வலையமைப்புக் கோளாறாலோ ஜாவாஸ்கிரிப்ட் பிழையாலோ பாதிப் படிவம் வந்து சேர்ந்தால் மீதிப் பதிவுகள் அழிந்துபோகக் கூடாது. எனினும், தனி முன்பக்கச் செயலியிலிருந்து ஜேசான் வடிவில் தரவை அனுப்பும் நிரலாளர்கள் எதிர்பார்ப்பது இதற்கு நேர்மாறானது. இப்போதைய பட்டியலை அனுப்பிவிட்டேன், இதில் இல்லாதது இல்லாமல் போக வேண்டும் என்று அவர்கள் நினைக்கிறார்கள். அதோடு, விவரங்களை 'ஐட்டம்ஸ்' என்ற இயல்பான பெயரில் அனுப்பினால், அதை அப்படியே மாடலுக்குக் கொடுத்ததும் வகை பொருந்தவில்லை என்று ரெயில்ஸ் மறுக்கிறது. 'ஆட்ரிபியூட்ஸ்' என்ற பின்னொட்டோடுதான் அனுப்ப வேண்டியிருக்கிறது. வெளியாருக்குக் கொடுக்கும் ஏபிஐயில் நம் உள்வீட்டுப் பெயரிடல் எட்டிப்பார்ப்பது எனக்கு உவப்பில்லை; அப்படிப்பட்ட இடங்களில் இடையில் ஒரு சிறு மொழிபெயர்ப்பு அடுக்கை வைத்துக்கொள்கிறேன்.

காலி வரிகளை ஒதுக்கும் 'ரிஜெக்ட் இஃப்' அமைப்பு பயனுள்ளது, ஆனால் கவனத்துடன் கையாள வேண்டியது. 'ஆல் பிளாங்க்' என்று கொடுத்தால் எல்லாப் பெட்டிகளும் காலியாக உள்ள தொகுதி தள்ளப்படும். வரியில் ஒரு செக்பாக்ஸ் இருந்தாலே அது குறியிடப்படாதபோதும் பூஜ்யம் என்ற மறைவான மதிப்பை அனுப்பும் என்பதால், அந்த வரி காலி என்று கருதப்படாமல் வேலிடேஷனில் போய் மாட்டிக்கொள்ளும். நாமே நிபந்தனை எழுதினால் வேறொரு பள்ளம் காத்திருக்கிறது. பொருளின் பெயர் காலியாக இருந்தால் ஒதுக்கு என்று எழுதிவிட்டோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பழைய வரி ஒன்றின் பெயரைப் பயனர் அழித்துவிட்டுச் சேமித்தால், இந்த நிபந்தனை பழைய பதிவுகளுக்கும் பொருந்துவதால், அவருடைய திருத்தம் ஓசையின்றித் தள்ளப்படுகிறது; சேமிக்கப்பட்டது என்ற செய்தி பச்சை நிறத்தில் வருகிறது; அடுத்த திரையில் பழைய பெயர் மீண்டும் நிற்கிறது. நிபந்தனையில் ஐடி இல்லாத தொகுதிக்கு மட்டும் என்று ஒரு சொல் சேர்த்தால் இது தீரும், ஆனால் ஒருமுறை ஏமாந்த பிறகுதான் பெரும்பாலோர் அதைச் சேர்க்கிறார்கள்.

தனித்துவ வேலிடேஷன் விஷயத்தில் இந்த வசதி தன் எல்லையைத் தெளிவாகக் காட்டிவிடுகிறது. ஒரே இன்வாய்ஸில் ஒரே பொருள் இருமுறை வரக்கூடாது என்று விதி வைத்திருந்தால், அந்த வேலிடேஷன் தரவுத்தளத்தைக் கேட்டே முடிவு செய்யும். படிவத்தில் புதிதாக வந்த இரண்டு வரிகளும் ஒரே பொருளாக இருந்தால், சோதிக்கும் நேரத்தில் இரண்டுமே தரவுத்தளத்தில் இல்லாததால் இரண்டும் தேறிவிடும். அதன்பின் எழுதும்போது சேய்கள் மறுபடி சோதிக்கப்படுவதில்லை. தரவுத்தளத்தில் யூனிக் இண்டெக்ஸ் (ஒரே மதிப்பு இருமுறை வராமல் தடுக்கும் அமைப்பு) இருந்தால் அங்கே எக்செப்ஷன் எழுந்து எல்லாம் ரோல்பேக் ஆகும். இல்லாவிட்டால் இரட்டைப் பதிவு தங்கிவிடும். இதற்கு மறுதலையும் உண்டு: பயனர் ஒரு பொருளின் வரியை நீக்கக் குறியிட்டு, அதே பொருளைப் புதிய வரியாகச் சேர்த்தால், சோதிக்கும்போது பழையது இன்னும் தரவுத்தளத்தில் இருப்பதால், ஏற்கெனவே உள்ளது என்று அவரைத் திருப்பி அனுப்பிவிடும். திரையில் இல்லாத ஒன்றைக் காட்டி மறுப்பதைப் பயனருக்கு விளக்குவது கடினம். இரண்டுக்கும் நான் செய்வது ஒன்றே: இண்டெக்ஸைக் கட்டாயம் வைத்துவிட்டு, சேய்களின் ஒப்பீட்டைத் தாய் மாடலில், நினைவகத்தில் உள்ள வரிகளை வைத்து, நீக்கக் குறியிட்டவற்றைக் கழித்துவிட்டு எழுதுகிறேன்.

மொத்தத் தொகையைத் தாயில் எழுதி வைப்பவர்கள் கால்பேக்குகளின், அதாவது சேமிப்புக்கு முன்னும் பின்னும் தானாக ஓடும் நிரல்களின், வரிசையைக் கவனிக்க வேண்டும். சேய்களை எழுதும் வேலையே தாயின் கால்பேக்காகத்தான் பதிவாகிறது, அதுவும் உறவை அறிவிக்கும் வரியில். அந்த வரிக்கு மேலே நீங்கள் 'ஆஃப்டர் கிரியேட்' ஒன்றை எழுதி, அதில் எஸ்க்யூஎல் வழியாகத் தொகையைக் கூட்டினால், சேய்கள் இன்னும் எழுதப்படாததால் பூஜ்யமே கிடைக்கும். அதே நிரலை நான்கு வரிகள் கீழே இறக்கினால் சரியான தொகை வரும். மாடலில் அறிவிப்புகளின் இடம் மாறினால் கணக்கு மாறுகிறது என்பதைப் புதிதாகச் சேரும் ஒருவர் ஊகித்தறிய வழியே இல்லை.

2016-இல் வந்த ரெயில்ஸ் 5.0 முதல் சேய்க்குத் தாய் இருந்தே ஆக வேண்டும் என்பது இயல்பு விதியானது. சோதிக்கும் நேரத்தில் புதிய தாய்க்கு இன்னும் ஐடி இல்லை என்றாலும், உறவின் மறுமுனையை ரெயில்ஸ் பெரும்பாலும் தானே கண்டுபிடித்துக்கொள்வதால் சாதாரண உறவுகளில் சிக்கல் இல்லை. ஃபாரின் கீயின் பெயரை மாற்றி வைத்திருப்பவர்கள் மட்டும் 'இன்வர்ஸ் ஆஃப்' என்று வெளிப்படையாக எழுதிவிட வேண்டும்.

அளவைப் பொறுத்தவரை, ஒவ்வொரு புதிய சேயும் தனித்தனி இன்சர்ட் கட்டளையாகவே செல்கிறது. பத்துப் பதினைந்து வரிகள் கொண்ட படிவத்தில் இது ஒரு பொருட்டே அல்ல. ஒரு கோப்பிலிருந்து 500 வரிகளை ஏற்றும் திரைக்கு இதைப் பயன்படுத்தினால் 500 இன்சர்ட்டுகள் ஒரே டிரான்ஸாக்ஷனுக்குள் ஓடும், அதுவரை பூட்டுகளும் விடப்படாது. அத்தகைய வேலைக்கு ரெயில்ஸ் 6.0-இல் வந்த 'இன்சர்ட் ஆல்' பொருத்தமானது. அது வேலிடேஷனையும் கால்பேக்குகளையும் தாண்டிச் செல்லும் என்பதால் சோதனைகளை நாமே முன்னதாகச் செய்துகொள்ள வேண்டும். மூன்றாம் தலைமுறைவரை, அதாவது வினாத்தாள், அதற்குள் கேள்வி, அதற்குள் விடைத்தெரிவு என்று அடுக்கிக்கொண்டே போகவும் இது இடம் கொடுக்கிறது, ஒருமுறை அப்படிச் செய்தும் இருக்கிறேன். அனுமதிப் பட்டியலும் பிழைகளின் பெயர்களும் அத்தனை ஆழத்தில் படிக்க முடியாதவை ஆகிவிட்டதால், ஒவ்வொரு கேள்விக்கும் தனித் திரை என்று பின்னர் பிரித்துவிட்டேன்.

எனவே, சேய்ப் பதிவு தாயை விட்டுத் தனியே வாழாத இடங்களில், வரிகள் சிலவாக இருக்கும் இடங்களில், பெரும்பாலும் ஒரே நேரத்தில் ஒருவரே திருத்தும் இடங்களில், இதைத் தயங்காமல் பரிந்துரைக்கிறேன். அங்கே இதைவிடக் குறைந்த நிரலில் இவ்வளவு பத்திரமான சேமிப்பு எனக்கு வேறெங்கும் கிடைத்ததில்லை. சேய்கள் பலருக்குப் பொதுவானவை என்றாலோ, ஏற்கெனவே உள்ள பதிவுகளைப் புதிய தாயோடு இணைக்க வேண்டும் என்றாலோ, படிவத்தைக் கையாள்வதற்கென்றே தனி ஃபார்ம் ஆப்ஜெக்ட் ஒன்றை எழுதி, டிரான்ஸாக்ஷனை நம் கையாலேயே திறப்பது நல்லது. புதிய தாய்க்குப் பழைய சேயின் ஐடியைக் கொடுத்தால் இந்த வசதி ஏற்காது.

பயன்படுத்தத் தொடங்குபவர்கள் புதிய படிவம் ஒவ்வொன்றுக்கும் ஒரு சோதனையை எழுதிவைக்கும்படி கேட்டுக்கொள்கிறேன். மூன்று வரிகளோடு ஓர் இன்வாய்ஸைச் சேமியுங்கள். திருத்தும் திரையைத் திறந்து, எதையும் மாற்றாமல், மறைவான பெட்டிகள் உட்படப் படிவத்தை அப்படியே திருப்பி அனுப்புங்கள். பிறகு டேபிளில் அந்த இன்வாய்ஸின் வரிகளை எண்ணிப் பாருங்கள். மூன்றுக்கு மேல் ஒன்று இருந்தாலும், கண்ட்ரோலரின் அனுமதிப் பட்டியலைத்தான் முதலில் திறக்க வேண்டும்.